பதினாறு அடித் தேர்

பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு கொடிக்கம்பம் வரும். அதன் உயரம் தெரியாது. பக்கத்தில் ஒருவர் நிற்பார். அவருடைய உயரம் தெரியும், அவருடைய நிழலின் நீளம் தெரியும், கம்பத்தின் நிழல் நீளமும் தெரியும். இரண்டும் வடிவொத்த முக்கோணங்கள். ஒத்த பக்கங்கள் விகிதசமத்தில் இருக்கும், ஆகவே கம்பத்தின் உயரம் இவ்வளவு என்று முடியும். உத்திரமேரூரில் ஒரு தனியார் பள்ளியில் வருஷா வருஷம் இதை நடத்துகிறேன். வருஷா வருஷம் எவனாவது ஒருவன் எழுந்து, "மிஸ், கம்பத்துலயே டேப்ப வெச்சி அளந்தா போச்சி. நெழல எதுக்கு மிஸ் அளக்கணும்?" என்று கேட்பான். வகுப்பு சிரிக்கும். ஏற முடியாத கம்பம் என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

ஏற முடியாத கம்பம் என்று ஒன்று கிடையாது. ஏறவிடாதவர்கள்தான் உண்டு. இதை வகுப்பில் சொல்ல எனக்கு வாய்வரை வரும். சொன்னால் சாயங்காலத்துக்குள் நாலு வீட்டுக்குச் செய்தி போகும், மறுநாள் நிர்வாகி கூப்பிட்டு அனுப்புவார். அதனால் விழுங்கிக்கொள்கிறேன். இங்கே எழுதுவதற்கு யாரும் என்னைக் கூப்பிட்டு அனுப்ப முடியாது.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பக்கம், பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் என்றால் ஊர். காலனி என்றால் காலனி. இரண்டுக்கும் ஒரே ரேஷன் கடை, ஒரே ஏரி, ஒரே வார்டு மெம்பர். ஆடி மாதம் அம்மனுக்குத் தேர் இழுப்பார்கள். அடித்தட்டும் சக்கரமும் மரம். அவை வருஷம் முழுக்கத் தகரக் கொட்டகையில் கிடக்கும். மேல்பகுதியை ஒவ்வொரு வருஷமும் மூங்கிலால் அடுக்கடுக்காகக் கட்டி, சீலை சுற்றி, உச்சியில் கலசம் வைப்பார்கள். கோயிலில் புறப்பட்டு, ஊர்த் தெரு முழுக்க வந்து, தெருமுனையில் உள்ள அலங்கார வளைவைத் தாண்டி, காலனிக்குத் திரும்புகிற முக்குவரை வரும். அங்கே நின்று, வந்த வழியே திரும்பிவிடும்.

அந்த முக்கிலிருந்து எங்கள் வீட்டு வாசல் தெரியும். கூப்பிட்டால் கேட்கும் தூரம்.

என் அம்மா அந்த முக்கில் வருஷா வருஷம் அர்ச்சனைத் தட்டோடு நின்றவள். தேங்காய், பழம், வெற்றிலை, ஒரு முழம் கதம்பம். ஊரிலிருந்து ஓர் ஆள் வந்து காலனிப் பெண்களின் தட்டுகளைக் கூடையில் வாங்கிக்கொண்டு போய்ப் பூசாரியிடம் கொடுப்பான். உடைத்த தேங்காய் கூடையிலேயே திரும்பி வரும். எந்த மூடி யாருடையது என்று தெரியாது. வயதெல்லாம் சேற்றில் நின்று நாற்று நட்டதில் அம்மாவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. இப்போது அந்த முக்குவரைகூட நடக்க முடியாது. வாசலில் உட்கார்ந்தபடியே தட்டை நீட்ட வேண்டும், தேர் தன் வீட்டு முன்னால் நிற்க வேண்டும், தன் தேங்காய் தன் கண்ணெதிரே உடைய வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். வேறு எதையும் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டதில்லை. எனக்கு அம்மன்மேல் பெரிய பக்தி எல்லாம் இல்லை. ஆனால் இதை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி எனக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தேர் ஏன் வருவதில்லை என்று கேட்டால் அம்மா, "கரண்டு கம்பி குறுக்க போவுதே, அதான். இல்லன்னா வராமயா பூடும்?" என்பாள்.

முக்குக்கு இந்தப் பக்கம் ஒரு ஹெச்.டி. லைன் ரோட்டைக் கடந்து போகிறது. உண்மைதான். ஆனால் அந்தக் கம்பி வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதற்கு முன்னால் தேர் என்ன காரணத்துக்காக வரவில்லை என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதலில் மண் பாதை, சக்கரம் இறங்கிவிடும் என்றார்கள். தார் ரோடு போட்டார்கள். பிறகு கால்வாய்ப் பாலம் பாரம் தாங்காது என்றார்கள். நெல் லாரி போகிற மாதிரி புதுப் பாலம் கட்டினார்கள். லாரி போனது, டிராக்டர் போனது, தேர்தல் சமயத்தில் ஓட்டுக் கேட்கிற வேன் போனது. தேர் மட்டும் போகவில்லை. அப்புறம்தான் மேலே நிமிர்ந்து பார்த்துக் கம்பியைக் கண்டுபிடித்தார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெரு இளைஞர்கள் மனு கொடுத்தார்கள். பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம் போட்டார்கள். ஓர் அதிகாரி, போலீசிலிருந்து ஒருவர், கரண்டு ஆபீஸ் லைன்மேன், கோயில் தர்மகர்த்தா, பூசாரி, எங்கள் தெருவிலிருந்து சிலர். எழுதப் படிக்கத் தெரிந்தவள் கூட இருக்கட்டும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனார்கள். தர்மகர்த்தா என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அம்மாவைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவர். அம்மா அவரை 'நைனா' என்று கூப்பிடுவாள். அவர் அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். நான் 'சார்' என்பேன். என் வாயிலிருந்து அதற்குமேல் ஒரு மரியாதை வராது என்று அவருக்கும் தெரியும்.

அதிகாரி முதலில் லைன்மேனைக் கேட்டார். "லைன் ரோட்டுலேர்ந்து இருவத்தோரு அடி ஒசரத்துல போவுது சார்" என்றார் அவர்.

பிறகு தர்மகர்த்தா எழுந்தார். "எங்களுக்கு ஒரு ஆட்சேபணையும் கெடையாது சார். அம்மன் எல்லாருக்கும் பொது. ஆனா உசுரு முக்கியம் பாருங்க. தேரு இருவத்திரண்டு அடி. கம்பில பட்டுச்சின்னா நாளைக்கி யாரு பதில் சொல்றது?"

கம்பி இருபத்தோரு அடி என்று லைன்மேன் சொன்ன பிறகுதான் தேர் இருபத்திரண்டு அடி ஆனது. அங்கே இருந்த யாருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை. எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

"தேர யாரு அளந்தது சார்?" என்றேன்.

"அளக்கறதுக்கு இன்னாம்மா கீது? தாத்தா காலத்துலேர்ந்து கட்டிக்கினு கீறோம்."

"அப்ப ஒருவாட்டி அளந்துடலாமே."

"கட்டி முடிச்ச தேருல பூசாரியத் தவுத்து யாரும் ஏறக் கூடாது. அது ஐதீகம்."

"பூசாரி கையிலயே டேப் குடுக்கலாம் சார்."

ஊர்ப் பக்கத்திலிருந்து சிரித்தார்கள். பூசாரி தரையைப் பார்த்தபடி, "நான் காப்பு கட்டிக்கினு வெரதத்துல கீறன். அந்த வேலையெல்லாம் செய்யக் கூடாது" என்றார். விரதத்தில் செல்போன் பேசலாம், பீடி பிடிக்கலாம். இஞ்ச் டேப்புக்குத்தான் தீட்டு போலிருக்கிறது. அதிகாரி மணியைப் பார்த்தார். "இந்த வருஷம் வழக்கம்போல நடக்கட்டும். உயரம் கம்மின்னு ஏதாவது அளவு இருந்தா கொண்டாங்கம்மா, பாக்கலாம்" என்றார். என்னை அனுப்பிவைக்கத்தான் அப்படிச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

தொட முடியாத ஒன்றை அளக்கத்தான் எனக்குத் தெரியுமே. அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

தேர் நாள் காலையில் முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை நாலு அடிக்கு வெட்டி எடுத்துக்கொண்டேன். கழி சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க ஒரு கயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டேன். டேப் பள்ளிக்கூடத்தினுடையது. கோயிலுக்கு எதிரே ரோட்டின் கிழக்கு ஓரத்தில், தார் முடிகிற இடத்தில் சக்கரம் படுகிற மாதிரி தேரை நிறுத்தியிருந்தார்கள். வெயில் கிழக்கிலிருந்து அடித்தது. தேரின் நிழல் ரோட்டுக்குக் குறுக்கே மேற்காக விழுந்து கிடந்தது. கலசத்தின் நிழல் தார்மேல் கூர்மையாகத் தெரிந்தது. நான் ரோட்டில் உட்கார்ந்து கழியை நிறுத்தினேன்.

டீக்கடையிலிருந்து ஒருவன், "இன்னா டீச்சர், நெழலுக்கு ஜாக்கெட் தெக்கப் போறியா?" என்றான். அவன் அக்கா மகள் என்னிடம்தான் படிக்கிறாள். அவளுக்கு மாதப் பரீட்சையில் கணக்கில் வந்த மார்க்கை அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லலாமா என்று யோசித்தேன். பிள்ளை பாவம் என்று விட்டேன்.

சத்தம் கேட்டுத் தர்மகர்த்தா வந்தார்.

"யாரக் கேட்டு தேர அளக்கற?"

"தேர நான் தொடல சார். நெழலத்தான் அளக்கறன். நெழல் ரோட்டுல கீது. ரோடு கவர்மெண்ட்டோடது."

அவர் நிழலைப் பார்த்தார், தேரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தேரை நகர்த்தச் சொல்ல வழியில்லை. சாயங்காலப் பூசை ஆகாமல் சக்கரம் அசையக் கூடாது என்பது அவர்களே போட்ட விதி. அவர் முகம் போன போக்கைப் பார்ப்பதற்காகவே நான் மெதுவாக அளந்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். விடை பதினொன்றரை அடி வந்தது. தூக்கிவாரிப்போட்டது. அம்மன் உட்காருகிற தட்டே ஆள் உயரம், அதற்குமேல் அத்தனை அடுக்கு. பதினொன்றரை அடித் தேர் என்று போய்ச் சொன்னால் கைகொட்டிச் சிரிப்பார்கள், காலனிக்காரிக்குக் கணக்கு இவ்வளவுதான் என்பார்கள். படம் வரைந்து பார்த்தேன். வரைந்ததும் தெரிந்துவிட்டது. பாடப்புத்தகத்துக் கொடிக்கம்பத்துக்கு வயிறு கிடையாது. தேருக்கு உண்டு. கலசம் தேரின் நடுவில் நிற்கிறது. அதிலிருந்து நேராக ஒரு கல்லைத் தொங்கவிட்டால் அது சக்கரத்தின் ஓரத்தில் விழாது, அடித்தட்டின் நட்டநடுவில் விழும். முக்கோணத்தின் கால் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நானோ தேருக்கு வெளியே கிடக்கிற நிழலை மட்டும் அளந்திருந்தேன். தேருக்கு அடியில் மறைந்து கிடக்கிற பாதியை விட்டுவிட்டேன்.

அந்தப் பாதியை எப்படி அளப்பது? அடியில் போகவிடமாட்டார்கள். அதற்கும் நிழலே வழிவிட்டது. வெயில் பக்கவாட்டில் நேராக அடிக்கும்போது அடித்தட்டின் நிழல் எத்தனை அகலமோ தட்டும் அத்தனை அகலம்தான். அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. தட்டு சதுரம், அது ஊருக்கே தெரியும். அந்த அகலத்தில் பாதிதான் எனக்குக் கிடைக்காமல் இருந்த தூரம்.

திரும்பவும் போனேன். அதற்குள் வெயில் ஏறி நிழல் சுருங்கியிருந்தது. அதனால் முதலிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக அளந்தேன். நாலு அடிக் கழிக்கு மூன்று அடி நிழல். தேருக்கு வெளியே நிழல் எட்டு அடி. அடித்தட்டின் நிழல் அகலம் எட்டு அடி, பாதி நாலு. எட்டும் நாலும் பன்னிரண்டு. மூன்று அடி நிழலுக்கு நாலு அடி உயரம் என்றால் பன்னிரண்டு அடி நிழலுக்குப் பதினாறு. தேர் பதினாறு அடி. கம்பிக்குக் கீழே ஐந்து அடி இடைவெளி. இருபத்திரண்டு அடி என்று வாய் கூசாமல் சொன்னார் மனிதர்.

சாயங்காலம் பந்தோபஸ்துக்கு வந்த அதிகாரியிடம் படத்தைக் காட்டினேன். அவர் லைன்மேனிடம் காட்டினார். லைன்மேன் கழியை வாங்கி ஒருமுறை நிறுத்திப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் கீது சார். லைன ஆப் பண்ணிட்டா தாராளமா போவலாம்" என்றார். தர்மகர்த்தாவைக் கூப்பிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. அதில்தான் நான் ஏமாந்தேன்.

"கணக்கு டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். "இந்த வருஷம் எல்லா ஏற்பாடும் ஆயிடுச்சி சார். அடுத்த வருஷம் தேரு கம்பிக்குக் கீழ இருந்துச்சின்னா அவங்க தெருவுக்கு வரட்டும். எங்களுக்கு இன்னா?"

அதிகாரி முன்னால், போலீஸ் முன்னால் சொன்னார். நான் வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "நைனா வாயால சொன்னாரா?" என்றாள். "அவர் வாயாலதான்" என்றேன்.

அந்த ஒரு வருஷம் அம்மா வாழ்ந்த மாதிரி நான் அவளைப் பார்த்ததில்லை. வாசலில் தேர் நிற்க இடம் வேண்டும் என்று முருங்கை மரத்தை வெட்டச் சொன்னாள். வெட்டினோம். வாசல்படியைச் சிமெண்டு பூசச் சொன்னாள். பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். முட்டி வலிக்கு மாத்திரை வாங்கப் போனால் மருந்துக் கடைக்காரனிடம்கூட, "அடுத்த ஆடிக்கு எங்க வூட்டாண்ட தேரு வருது" என்பாள். அதே வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை உத்திரமேரூர்க் கல்வெட்டு மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு ஆட்களைத் தேர்ந்தெடுத்த கதையைப் பெருமையாகச் சொன்னோம். அந்தக் குடத்தில் எங்கள் தெரு ஓலை இருந்ததா என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அப்போது எனக்குச் சண்டை போடும் மனநிலை இல்லை. தேர் வரப்போகிறது என்ற சந்தோஷத்தில் எல்லாரையும் பாதி மன்னித்து வைத்திருந்தேன்.

அடுத்த ஆடி வந்தது. தேர் நாள் காலையில் கோயில் பக்கம் போனேன். தேர் வளர்ந்திருந்தது. வழக்கமான அடுக்குகளுக்குமேல் புதிதாக ஓர் அடுக்கு, அதற்குமேல் ஒரு குடை, அதற்குமேல் கலசம். அளக்காமலே தெரிந்தது. ஆனாலும் அளந்தேன், கழியும் டேப்பும் கையில்தான் இருந்தன. கணக்கு இருபத்திரண்டு அடி என்று சொன்னது. போன வருஷம் பொய்யாகச் சொன்ன உயரத்தை இந்த வருஷம் மூங்கில் வாங்கிக் கட்டி நிஜமாக்கியிருந்தார்கள். ஒரு வருஷம் யோசித்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்கு வராமல் இருக்க அத்தனை பாடு.

தர்மகர்த்தா படியில் நின்றுகொண்டிருந்தார். "அளந்துக்கோம்மா. நல்லா அளந்துக்கோ" என்றார். டீக்கடையே சிரித்தது.

அடித்தட்டு அதே எட்டு அடிதான். அகலத்தைத் தொடாமல் உயரத்தை மட்டும் இழுத்திருந்தார்கள். ஓர் உருவம் பெரிதாக வேண்டுமானால் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் வளர வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு பக்கம் மட்டும் வளர்ந்தால் அது வேறு உருவம். வளர்த்தவர்களுக்கு அது தெரியாதது எனக்கு ஆச்சரியம் இல்லை. அவர்கள் மறந்தது இன்னொன்று.

வீட்டுக்குத் திரும்பும்போது ஊர்த் தெருமுனையில் வளைவின் கீழே நின்றேன். தர்மகர்த்தா தன் அப்பா ஞாபகமாகக் கட்டியது. ஒருமுறை வைக்கோல் லாரி இடித்துவிட்டது என்று அவரே தூணில் சிவப்பு பெயிண்டில் எழுதவைத்திருக்கிறார், உயரம் பதினெட்டு அடி என்று. தினமும் அந்தத் தூணில் சாய்ந்துகொண்டுதான் அவர்கள் ஊர் நியாயம் பேசுகிறார்கள். கம்பி இருபத்தோரு அடி, எங்களுக்காக அதை நினைத்தே கட்டியிருக்கிறார்கள். தங்கள் வளைவு பதினெட்டு என்பதை ஒருத்தரும் நினைக்கவில்லை. போன வருஷம் எனக்கும் இது தோன்றவில்லை, தோன்றியிருந்தால் நிழலே வேண்டியிருக்காது. காலை பத்து மணிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

அம்மாவிடமும் சொல்ல முடியவில்லை. அவள் மத்தியானமே குளித்துப் புதுப் புடவை கட்டி, வாசலில் நாற்காலி போட்டு, தட்டை மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டாள். முக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டித்தான் நான் வெளியே போனேன்.

சாயங்காலம் வளைவுக்கு எதிரே நின்றுகொண்டேன். தேர் வந்தது. மேளச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. குடை வளைவில் போய் முட்டியது. கலசம் சாய்ந்து, குடைக்கம்பு முறிந்து, சீலை கிழிந்து தர்மகர்த்தாவின் அப்பா பேரின்மேல் தொங்கியது. யாருக்கும் அடி இல்லை. மேளம் நின்றது. வடம் பிடித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னால் இழு என்று ஒருவர், அப்படியே நிறுத்து என்று இன்னொருவர். பெண்கள் சாமி குற்றம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்குள் சிரிப்பு குமுறிக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவ்வளவு நிறைவாக நான் சமீபத்தில் எதையும் பார்த்ததில்லை.

பிறகு ஏறினார்கள். பூசாரி தவிர யாரும் ஏறக் கூடாத தேரில் நாலைந்து பேர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். ஒருவன் பல்லில் அரிவாளைக் கவ்விக்கொண்டு ஏறினான். புது அடுக்கை அறுத்து ரோட்டோரத்தில் போட்டார்கள். கலசத்தைப் பழைய அடுக்கின்மேல் வைத்துக் கட்டினார்கள். தேர் வளைவைத் தாண்டியது. இப்போது அது போன வருஷத்துத் தேர். பதினாறு அடி. அதை அளக்க எனக்கு நிழல்கூட வேண்டியிருக்கவில்லை.

நான் குறுக்குப் பாதையில் ஓடி முக்குக்குப் போனேன். தேர் வந்து நின்றது. தூரத்தில் எங்கள் வாசலில் அம்மாவின் புடவை தெரிந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள். போன வருஷத்துப் பேச்சுப்படி லைன்மேன் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ரோட்டோரத்தில் நின்றார். தர்மகர்த்தா வியர்வையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். நான் நேராக அவரிடம் போனேன்.

"சார், இப்ப பதினாறு அடி. போன வருஷம் நீங்க சொன்னீங்க."

அவர் சுற்றிலும் பார்த்தார். அதிகாரி அந்த வருஷம் வரவில்லை. ஒரே ஒரு போலீஸ்காரர், அவரும் மேளக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். தர்மகர்த்தா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பதினாறோ ஆறோ. அந்தத் தெருவுக்கு வராது."

"ஏன்னு சொல்லுங்க."

"உனக்குத் தெரியாததா?" என்றார்.

அவ்வளவுதான். வடத்தைத் திருப்பச் சொல்லிக் கையைக் காட்டினார். தேர் திரும்பியது. மண் பாதை, கால்வாய்ப் பாலம், கம்பி என்று எத்தனை வருஷம் வாயில் வைத்து மென்றார்கள். கடைசியில் மூன்று வார்த்தைகூட இல்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் அந்த நாலு அடிக் கழி இருந்தது. அதை என்ன செய்திருக்கலாம் என்று இன்றைக்கும் சில சமயம் நினைப்பதுண்டு. கடைசியில் அதைக் கால்வாயில் எறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.

அம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அந்த முட்டியோடு எப்படி அவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை.

"வந்துச்சே, நின்னுச்சே. அப்பறம் இன்னாடி? கம்பியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய பொய்யை என் வாயால் நான் ஏன் சொல்ல வேண்டும்?

"கம்பி இல்லமா. தேரு கம்பிக்குக் கீழதான் இருந்துச்சி. அவங்களுக்கு இஷ்டம் இல்ல."

அம்மா உட்கார்ந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.

"எத்தினி வருஷமா அவங்க கழனில நாத்து நட்டுக்கினு இருந்தன், எனக்குத் தெரியாதா? கம்பின்னு சொல்லிக்கினு இருந்தவரிக்கும் நானும் கம்பின்னு நெனச்சிக்கினு தட்ட எடுத்துக்கினு நின்னன். நீ அத அளந்து இல்லன்னுட்ட. இனிமே எந்த மூஞ்ச வெச்சிக்கினு நான் நிக்கறது?"

"நிக்க வேணாம்" என்றேன். கோபத்தில் சொன்னேன். அவள்மேல் இல்லை என்றாலும் அவள்மேல்தான் விழுந்தது.

அம்மா தட்டிலிருந்த சூடத்தைத் தாளில் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தேங்காயைக் கையில் எடுத்து, புதிதாகச் சிமெண்டு பூசிய படியில் ஒரே அடியில் உடைத்தாள். இரண்டு மூடியும் அவளுடையது. உள்ளே போய் அரிவாள்மணையைப் போட்டுத் துருவ ஆரம்பித்தாள். அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அம்மனுக்கென்று வாங்கிய தேங்காயை அரைத்துக் கருவாட்டில் ஊற்றிக்கொண்டே, "அவனுங்க தேரு இன்னா ஒசரம்னு சொன்ன?" என்றாள்.

"பதினாறு அடிமா."

"அவ்ளோதானா" என்றாள் அம்மா.